தாஜ் பீவி மூடித் திறந்த பள்ளங்கள்

தாஜ் பீவி ஆட்களை முகத்தை வைத்து அடையாளம் தெரிந்துகொள்வதில்லை. நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிறவளுக்கு முதலில் கண்ணில் படுவது டயர்தான். முன் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்து வந்தால், அது கம்மாபுரத்திலிருந்து சுரங்கத்துக்குக் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய் வருகிறவருடைய வண்டி. பின் டயரில் சாணி காய்ந்து ஒட்டியிருந்தால் பால்கார துரைராஜ். வால்வுக்கு மூடி இல்லாமல் பேனா மூடியைச் செருகியிருந்தால் டியூஷன் வாத்தியார். "இன்னாம்மா, நல்லா இருக்கியா?" என்று கேட்டால் ட்யூபைப் பார்த்தபடியே "ம்" என்பாள். அந்த "ம்"மைத் தாண்டி அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கு மழை வரும் என்பார் துரைராஜ்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கல்யாணமாகி வந்தபோது பஞ்சர் கடை புருஷன் நைனா முகமதுவுடையது. அவர் ஒட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். அவர் கற்றுக்கொடுக்கவும் இல்லை, இவள் கேட்கவும் இல்லை. ஒரு நாள் அவர் ஜுரத்தில் படுத்திருக்க, வாசலில் ஒருவர் சைக்கிளோடு வந்து நின்றார். இவள் போய் ட்யூபை உருவி, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு, உப்புத்தாளால் தேய்த்து ஒட்டிக் கொடுத்துவிட்டாள். படுத்தபடியே பார்த்த நைனா முகமது, "நான் ஒட்டுறதவிட நல்லாத்தான் ஒட்டுற" என்றார். அடுத்த வருஷம் அவர் ஒரு குட்டியானை வண்டியை வாங்கிக்கொண்டு லோடு அடிக்கப் போய்விட்டார். கடை தாஜ் பீவிக்கு வந்தது. ஆயிற்று, பதினேழு வருஷம்.

கடை இருப்பது பூவரச நகரில். சுரங்க நகரியத்தின் ஆர்ச் கேட்டைத் தாண்டி வடக்குத்து ஊர்ப் பக்கமாக வந்தால் மெயின் ரோட்டிலிருந்து ஒரு நானூறு மீட்டர் ரோடு பிரியும். அதன் கோடியில் கடை, கடைக்குப் பின்னால் வீடு. நகரியத்துக்குள் எல்லாவற்றுக்கும் நம்பர் உண்டு. பிளாக்குக்கு நம்பர், குவார்ட்டர்ஸுக்கு நம்பர், விளக்குக் கம்பத்துக்கு நம்பர். விளக்கு எரியவில்லை என்றால் கம்பத்து நம்பரைச் சொன்னால் போதும், ஆள் வந்துவிடும். பூவரச நகர் ரோட்டுக்கு நம்பர் கிடையாது. அதில் இருந்த பள்ளங்களுக்குத்தான் பெயர் இருந்தது. டீக்கடைக்கு எதிரே இருப்பது 'அண்டா'. ஒரு பக்கம் இறக்கி மறு பக்கம் ஏற்றி ஆட்டுவது 'தொட்டில்'. வளைவில் திரும்பியதும் எதிர்பாராமல் முன்னால் வந்து நிற்பது 'மாமனார்'. மொத்தம் இருபத்து மூன்று. எந்தப் பள்ளத்தில் விழுந்த வண்டி என்பது ரிம் நெளிந்திருக்கும் விதத்திலேயே தாஜ் பீவிக்குத் தெரிந்துவிடும்.

"ரோடு போட்டுட்டா பாய்வூட்டம்மா கடைய இழுத்து மூட வேண்டியதுதான்" என்று டீக்கடைக் கூட்டம் பஞ்சர் ஒட்ட வரும்போது சிரிக்கும். "அதான் அப்பப்ப ஆணி தூவுதோ என்னமோ" என்று இன்னொரு குரல் சேரும். எல்லாம் விளையாட்டுக்குத்தான். ஆனாலும் அந்த ஆணிப் பேச்சு வரும்போதெல்லாம் தாஜ் பீவி காற்றடிக்கும் மெஷினைப் போட்டுவிடுவாள். அந்தச் சத்தத்தில் எதுவும் காதில் விழாது.

ரோட்டுக்காக அலைந்தவர் கலியன். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்த்து ஓய்ந்தவர். வேலை நாளில் பெர்மனென்ட் ஆக்கச் சொல்லி மனு எழுதி எழுதிப் பழகிய கை, சும்மா இருக்க மாட்டேன் என்றது. நாலு வருஷமாகத் திங்கட்கிழமை தவறாமல் ரோட்டுக்கு மனு. பூவரச நகருக்குக் கிழக்கே ஓர் ஊராட்சி, மேற்கே ஓர் ஊராட்சி. கிழக்கே இருப்பவர்கள் மேற்கே கேட்கச் சொன்னார்கள். மேற்கே இருப்பவர்கள் அதே மரியாதையோடு கிழக்கே கை காட்டினார்கள். மெயின் ரோட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள், ஓரத்து வெள்ளைக் கோட்டோடு தங்கள் வேலை முடிந்தது என்று எழுதி அனுப்பினார்கள். மூன்று பதிலையும் கலியன் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். நனையக் கூடாதாம்.

தாஜ் பீவி இந்த விஷயத்தில் தலையிட்டதே இல்லை. போன மாசம் வரைக்கும் தலையிடுகிற அவசியமும் இல்லை.

அவளுடைய ஒரே மகள் ஷமாவை நெல்லிக்குப்பத்தில் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை ஷரீப் தங்கமானவர். அவருடைய அம்மா மைமூன் பீவியும் தங்கம்தான், கொஞ்சம் கனமான தங்கம். கல்யாணமான புதிதில் ஒரு தடவை பெரிய தூக்கு நிறைய ஜவ்வரிசிப் பாயசம் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். 'அண்டா'வில் பாதி சிந்தியது, 'மாமனார்' மீதியை வாங்கிக்கொண்டார். புதுப் புடவை முழுக்கப் பாயசமாக வந்து இறங்கிய சம்பந்தியம்மாவை இன்றைக்கும் பூவரச நகரில் நினைத்துச் சிரிப்பார்கள். மைமூன் பீவி சிரிக்கவில்லை.

இப்போது ஷமாவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது இரண்டு வீட்டுக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் மைமூன் பீவி போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"புள்ள ஆஸ்பத்திரில பொறக்கணும் சம்பந்தி. ஒங்க ரோட்டுல பொறக்கக் கூடாது."

மகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், அவள் கேட்டதைச் செய்து போட வேண்டும், வீங்கின காலுக்கு வெந்நீர் விட வேண்டும் என்று ஐந்து மாதமாக மனதுக்குள் திட்டம் போட்டவள் தாஜ் பீவி. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சம்பந்தியிடம் ஒரு பொய்யைச் சொன்னாள்.

"இப்ப ரோடு சமமாத்தான் இருக்குதுங்க."

"அப்படியா? வியாழக்கிழமை வரேன். என் கண்ணால பாத்துட்டு அனுப்புறேன்" என்றார் மைமூன் பீவி.

போனை வைத்ததும் தாஜ் பீவி புருஷனைத் தேடிப் போனாள். நைனா முகமதுவிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் சிரித்தார். "பதினேழு வருஷமா பேசாதவ, பேசுனியே ஒரு வார்த்த. சரி வுடு, பொய்ய நெசமாக்கிடலாம்" என்றார்.

நகரியத்தில் பழைய குவார்ட்டர்ஸ் இடித்த இடத்தில் செங்கல் உடைசல் மலையாகக் கிடந்தது. புதன்கிழமை மதியம் கேட்டு வாங்கி, குட்டியானையில் மூன்று நடை அடித்தார். தெருவில் இருந்த பெண்கள் கூடை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஷமா தெருவுக்கே பெண் அல்லவா. இருபத்து மூன்று பள்ளத்திலும் உடைசலைக் கொட்டி, மேலே செம்மண் போட்டு, தண்ணீர் தெளித்து, குட்டியானையை முன்னும் பின்னும் ஓட்டி அழுத்தினார்கள். உடைசலில் ஜன்னல் சட்டத்து ஆணிகள் இருந்தன. தாஜ் பீவி பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைக் கயிற்றில் கட்டி, ரோடு முழுக்க இழுத்துக்கொண்டே நடந்து இரண்டு டப்பா ஆணி பொறுக்கினாள். பொழுது சாயும்போது ரோடு கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. பால்கார துரைராஜ் இரண்டு கையையும் விட்டுவிட்டு வண்டி ஓட்டிக் காட்டினார்.

கலியன் அன்றைக்கு ஊரில் இல்லை. விருத்தாசலத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் ஒரு கூடை மண் விழ விட்டிருக்க மாட்டார். ஏனென்றால் வியாழக்கிழமை காலையில் ஒன்றிய ஆபீஸிலிருந்து என்ஜினீயர் ரோட்டைப் பார்க்க வருகிற விஷயம் அவருக்கு மட்டும் தெரியும். நாலு வருஷ மனுவுக்குக் கிடைத்த பலன் அது. முன்கூட்டிச் சொன்னால் வேறு யாராவது மாலை வாங்கிக்கொள்வார்கள் என்று மனைவியிடம்கூட அவர் மூச்சு விடவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மணிமொழி என்ற அந்த இளம் என்ஜினீயர் ஸ்கூட்டரில் வந்தார். டேப் பிடிக்கிற உதவியாள் லீவு. மெயின் ரோட்டிலிருந்து கோடி வரைக்கும் குலுங்காமல் வந்தார், குலுங்காமல் திரும்பினார். டீக்கடை முன்னால் நின்று, காகிதத்தில் 'தார் இல்லை. சமமாக உள்ளது. போக்குவரத்துக்கு ஏற்றது' என்று எழுதிக்கொண்டிருந்தபோது, பஸ்ஸை விட்டு இறங்கிய கலியன் பையோடு ஓடிவந்தார். ரோட்டைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"மேடம், இது எங்க ரோடு இல்லீங்க" என்றார்.

"போர்டுல பூவரச நகர்னுதானே போட்டிருக்கு?"

"நகர் இதுதாங்க. ரோடுதான் வேற. நேத்து வரைக்கும் இங்க பள்ளம் இருந்துதுங்க. இருபத்து மூணு."

"எங்கே போச்சு?"

நாலு வருஷம் மனு எழுதிய மனிதர் வாயைத் திறந்தபடி நின்றார். மணிமொழிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ஐயா, இருக்கிறதைத்தான் நான் எழுத முடியும். ரொம்ப மோசமான ரோடுன்னா எல்லைத் தகராறு இருந்தாலும் ஒன்றியமே எடுத்துச் செய்யலாம்னு இப்ப ஒரு பட்டியல் போடுறோம். இன்னைக்கு ரெண்டு மணியோட பட்டியல் முடியுது. நல்ல ரோட்டை அதுல எப்படிச் சேர்க்கிறது?" என்றார். கோடி வரைக்கும் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வருவதாக ஸ்கூட்டரை எடுத்தார்.

'தொட்டில்' இருந்த இடத்தைத் தாண்டியதும் பின் சக்கரம் தட்டையாகிவிட்டது.

தாஜ் பீவி வீட்டு வாசலைப் பெருக்கி, இரண்டு நாற்காலி போட்டு, சம்பந்திக்காகக் காத்திருந்தாள். மைமூன் பீவி பண்ருட்டி தாண்டிவிட்டதாக அப்போதுதான் போன் வந்திருந்தது. வாசலில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தார், பின்னாலேயே கலியன், டீக்கடைக் கூட்டம். "ரோட்டப் பாக்க வந்த ஒன்றிய என்ஜினீயரு" என்று கலியன் புலம்பிக்கொண்டே வந்தார். தாஜ் பீவி பழக்கத்தில் டயரைத்தான் பார்த்தாள். குறடால் பிடித்து இழுத்தாள். இரண்டு அங்குல ஆணி. ஜன்னல் சட்டத்து ஆணி. துருப் பிடித்த தலை.

"ஏக்கா, இவ்ளோ நல்ல ரோட்டுல ஆணி எப்படி வந்துது?" என்று மணிமொழி சாதாரணமாகத்தான் கேட்டார்.

கூட்டத்தில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். காற்று மெஷினின் சுவிட்ச் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. தாஜ் பீவி அதைப் போடவில்லை. ரப்பர்த் திரியை ஓட்டையில் செருகி, எச்சில் தொட்டு வைத்து, குமிழி வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. தலை நிமிராமலே சொன்னாள்.

"நான் போட்டதுங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மணிமொழி திகைத்துப் போனார். தாஜ் பீவி நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்கிற பயத்தில் கடகடவென்று சொல்லி முடித்தாள். சம்பந்தி, பாயசம், போனில் சொன்ன பொய், குட்டியானை, மூன்று நடை உடைசல், காந்தத்துக்குத் தப்பிய ஆணி, எல்லாம். கடைசியில், "இவரு மனு போட்டு வரவழைச்ச அதிகாரி வர்றது எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா ஒரு கல்லு தொட்டிருக்க மாட்டேன்" என்றாள்.

கலியன் தலையில் கை வைத்துக்கொண்டு திண்டாடினார். "ஏம்மா தாஜு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீ மட்டும் சொன்னியா?" என்றார் துரைராஜ். "அதிகாரி வர்றாங்கன்னு மூச்சு வுட்டியா?"

கலியன் கையை எடுத்துவிட்டார்.

மணிமொழி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு மணியைப் பார்த்தார். பத்து நாற்பது. "திறந்து காட்டுங்க. அளந்து எழுதிக்கிறேன். பட்டியலுக்கு நேரம் இருக்கு" என்றார்.

எல்லோரும் தாஜ் பீவியைப் பார்த்தார்கள். பதினொன்றேகாலுக்குச் சம்பந்தி வந்து இறங்குவார். மூடிய ரோட்டில் வந்தால் ஷமா வீட்டுக்கு வருவாள். திறந்த ரோட்டில் வந்தால் பொய்யும் தெரியும், பள்ளமும் தெரியும், பெண்ணும் வர மாட்டாள். ஆனால் முதல் மழையில் செம்மண் கரைந்து, பள்ளம் பழையபடி வாயைத் திறக்கும். அப்போது காகிதத்தில் 'போக்குவரத்துக்கு ஏற்றது' என்று இருக்கும்.

தாஜ் பீவி டப்பாவிலிருந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மேலே இருந்த செம்மண்ணில் எல்லா இடமும் ஒன்றுபோல் இருந்தது. எது பள்ளம், எது ரோடு என்று அவளைத் தவிர யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இடம் பார்த்துப் பார்த்து வட்டம் போட்டுக்கொண்டே போனாள். துரைராஜ் கடப்பாரையால் கிளற, பெண்கள் நேற்றுக் கொட்டிய அதே கூடையில் உடைசலை வாரி ஓரத்தில் குவித்தார்கள். "நேத்து உள்ள, இன்னைக்கு வெளியவா? நல்லா இருக்குதுடி ஒங்க பொழப்பு" என்று செங்கமலம் என்கிற எதிர்வீட்டுக்காரி வைதுகொண்டே வாரினாள். மணிமொழி டேப்பின் ஒரு முனையைத் தாஜ் பீவியிடம் கொடுத்து அளந்துகொண்டே பேசினார்.

"தண்ணி நின்னு, லாரி போயிப் பள்ளம் விழுறது எல்லா ரோட்டுலயும் இருக்குக்கா. நம்பர் இருக்கிற ரோடுன்னா சின்னதா இருக்கும்போதே ஒருத்தர் வந்து அடைச்சிடுவார். ஒங்க ரோடு மூணு பேரோட வரைபடத்துலயும் ஓரத்துல இருக்கு. யார் வரைபடத்துலயும் நடுவுல இல்ல. ஓரத்துல இருக்கிறது யார் கண்ணுலயும் படாது."

"சின்ன பஞ்சர ஒட்டாம ஓட்டிகினே போனா ட்யூபே கிழிஞ்சி போவும்ங்க" என்றாள் தாஜ் பீவி. ஒரே நாளில் இவ்வளவு பேச்சா என்று துரைராஜ் வானத்தைப் பார்த்தார்.

எட்டாவது பள்ளத்தில் இருந்தபோது மெயின் ரோட்டு முனையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே வர முடியாது என்று கையை ஆட்டினார். மைமூன் பீவி இறங்கினார். கையில் தூக்கு. நடந்தே வர ஆரம்பித்தார். ஓரத்துப் பூவரச மரங்களின் நிழலில், பள்ளங்களையும் உடைசல் குவியலையும் சுற்றிக்கொண்டு, நிதானமாக வந்தார். தாஜ் பீவி டேப்பைப் பிடித்தபடியே நின்றாள். தரையைப் பார்த்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் சம்பந்தி" என்றார் மைமூன் பீவி. "ரோடு சமமா இருக்குன்னீங்க."

"வ அலைக்கும் ஸலாம். நேத்து சாயங்காலம் சமமா இருந்துதுங்க" என்றாள் தாஜ் பீவி. "சொன்னப்ப இல்லீங்க. பொய்தான் சொன்னேன்."

மைமூன் பீவி பதில் சொல்வதற்குள் கலியன் குறுக்கே புகுந்து நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டார், தன் மனுக்களின் வரலாற்றோடு. மைமூன் பீவி முழுவதையும் கேட்டார். தூக்கைச் செங்கமலத்திடம் கொடுத்தார். நேராக மணிமொழியிடம் போனார்.

"எப்பம்மா போடுவீங்க ரோடு?"

"பொய் சொல்ல மாட்டேம்மா. பட்டியல்ல ஏறும். நம்பர் கிடைக்கும். அப்புறம் ஆறு மாசமாவது ஆகும்."

"ஆறு மாசமா? என் பேரன் குப்புற வுழுந்துடுவான்."

"பேத்தியாவும் இருக்கலாம்ங்க" என்றாள் தாஜ் பீவி மெதுவாக.

மைமூன் பீவி அவளைத் திரும்பிப் பார்த்தார். முதல் தடவையாக அவருடைய வாயோரம் கொஞ்சம் இளகியது. "இந்த முனையை நான் பிடிக்கிறேன். நீங்க வட்டம் போடுங்க. வேலை சீக்கிரம் முடியட்டும்" என்று டேப்பை வாங்கிக்கொண்டார். பிடித்த பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. "இன்னும் ரெண்டு விரக்கடை ஆழம் இருக்கும்மா, நல்லா உள்ள வுட்டு அளங்க" என்று மணிமொழியை விரட்டினார். 'மாமனார்' பக்கம் வந்ததும், "இவருதானே என் பாயசத்தக் குடிச்சவரு" என்றார். தெரு சிரித்தபோது அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஒன்றரை மணிக்கு இருபத்து மூன்றும் காகிதத்தில் ஏறின. மணிமொழி போனிலேயே படம் எடுத்துப் பட்டியலை அனுப்பிவிட்டுக் கிளம்பினார், பள்ளங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவியபோது மைமூன் பீவி பேச்சை எடுத்தார். தாஜ் பீவி தண்ணீர்ச் செம்போடு நின்றாள்.

"ஆட்டோல அனுப்ப மாட்டேன்" என்றார் மைமூன் பீவி.

"சரிங்க."

"சரிங்கன்னா? முழுசாக் கேளுங்க. இன்னைக்கு இந்த நானூறு மீட்டரும் நடந்துதான் வந்தேன். ஒண்ணும் குலுங்கல. நெழலாத்தான் இருக்கு. டாக்டரு அவள தெனமும் நடக்கச் சொல்லியிருக்காங்க, எங்க ஊட்டுல நடக்க எடமில்ல, மாடிக்கும் கீழுக்கும்தான். ரோட்டு முனை வரைக்கும் ஷரீப் கார்ல கொண்டாந்து வுடுவான். அங்கேர்ந்து நடத்திக் கூட்டிக்கினு வாங்க. ஆஸ்பத்திரி போறப்பவும் அதே மாதிரி, வலி எடுக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஆஸ்பத்திரி பக்கமா நகரியத்துல ஒங்க சொந்தக்காரங்க ஊட்டுல தங்கிடணும். சம்மதமா?"

தாஜ் பீவி செம்பைக் கீழே வைத்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

அடுத்த வியாழக்கிழமை ஷமா வந்தாள். ரோட்டு முனையில் காரை விட்டு இறங்கியபோது தெருவே அங்கே நின்றது. கலியன் முன்னால் போய்க் கல்லைக் காலால் ஒதுக்கிக்கொண்டே நடந்தார். ஷரீப் இரண்டு கையிலும் பையோடு பின்னால் வந்தார். ஷமா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்திடமும் நின்று, "இது இன்னும் இருக்குதாம்மா?" என்று விசாரித்துக்கொண்டே வந்தாள். நானூறு மீட்டரைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அன்றிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்குத் தாஜ் பீவி கடையை அப்படியே போட்டுவிட்டு மகளோடு நடக்கப் போகிறாள். முனை வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். முனையில் இரண்டு லோடு ஜல்லி வந்து இறங்கியிருக்கிறது. தார் இன்னும் வரவில்லை. ஷிப்டு விட்டு வருகிறவர்கள் பஞ்சர் வண்டியோடு கடை முன்னால் நின்று மணியடிப்பார்கள். பாதி ரோட்டிலிருந்து தாஜ் பீவி அவர்கள் காதில் விழுகிற மாதிரி குரல் கொடுப்பாள்.

"வந்துகினு இருக்கேன், நில்லுங்க. எம் பொண்ணு நடக்குது."